முதற்பிரதியை அவளிடம் கொடு

மகனுக்கு,

இந்த எழுத்து என்னுடையது இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்குக் கையெழுத்துப் போடவே வராது. உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் நான் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். அந்த மை காயும்வரை நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லுவது நான், எழுதுவது வேறொரு கை. அது யாருடைய கை என்பதைப் பிறகு சொல்லுகிறேன். இதை உட்கார்ந்து வாசி. மேடையில் வாசிப்பது போலக் குரலை ஏற்றி இறக்கி வாசிக்காதே. இதே கடிதத்தின் இன்னொரு பிரதி ஞாயிற்றுக்கிழமை உன் புதுப் புத்தக வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்குகிறவருக்கும் போகிறது. ஆகவே வாசித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடலாம் என்று நினைக்காதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் இரண்டு பிரதி.

அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்த அன்று நீ என் விரலைப் பிடித்து ஒரு வரியின் மேல் வைத்தாய். "அப்பா, இதில தான் உங்கட பேர். முதற்பிரதி வாங்கிறது நீங்க" என்றாய். அதற்கு மேலே இன்னொரு வரி இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "அது அம்மாட பேர். அமரர் எண்டு போட்டு, அவட ஞாபகத்துக்கு எண்டு போட்டிருக்கு" என்றாய். நல்லது என்று சொன்னேன். கொட்டாஞ்சேனையில் இந்த ஒரு அறை வீட்டில் நான் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிற நல்லதுதான் அது.

உன் முதல் புத்தகத்துக்கு வெள்ளவத்தையில் கூட்டம் வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் ஒரு மணி நேரம் பேசினார். உன் கதைகளில் செத்தவர்கள் பஸ் ஏறுகிறார்களாம், டிக்கெட் எடுக்கிறார்களாம், மார்க்கட்டில் கருவாட்டு விலை கேட்டு விலை கூட என்று திட்டுகிறார்களாம். நாளாந்த வாழ்க்கையையும் அமானுஷ்யத்தையும் நீ ஒரே பாயில் படுக்க வைத்திருக்கிறாயாம். கடைசியில் என்னை மேடைக்கு இழுத்தார்கள். "செத்துப்போன மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சோறு வைத்த தகப்பன் இவர்தான்" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். சனம் கைதட்டியது. ஒரு பெண் வந்து காலைத் தொட்டாள். நான் காலை இழுக்கவில்லை. அந்தச் சோற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கதையில் படத்துக்கு முன்னால் வைத்த தட்டு பிறகு காலியாக இருக்கிறது, அம்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். அதைத் தின்றது நான். உனக்கு முட்டை இல்லாத ஞாயிறுகளிலும் அந்தத் தட்டில் ஒரு பொரித்த முட்டை இருக்கும். உன்னைத் தண்ணிக்கு அனுப்பிவிட்டு நான் தின்பேன். நீ திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்துக் கும்பிடுவாய்.

உன் கதைகளை நான் மற்றவர்கள் வாயால் கேட்டதோடு சரி. அம்மாவைப் பற்றிய அந்தப் பெரிய கதையை முழுக்க வாசிக்கக் கேட்டது மூன்று கிழமைக்கு முன்புதான். கேட்டு முடிந்த பிறகு இரண்டு நாள் நான் உன்னோடு போனில் கதைக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. நீ எழுதிய ஒவ்வொரு அதிசயத்துக்கும் அடியில் என்ன இருந்தது என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் முழுக்கத் தெரியும். நான் போனால் அது போய்விடும். பிறகு நீ எழுதியதுதான் நடந்தது என்று ஆகிவிடும். அதற்கு நான் விடமாட்டேன். இது நல்ல மனசில் செய்கிறேன் என்று நினைக்காதே. நீ செய்து வைத்திருக்கிற அந்த நல்ல தகப்பனை எனக்குப் பிடிக்கவில்லை. அவனைச் சுமந்துகொண்டு சாக எனக்கு விருப்பமில்லை.

உன் அம்மா பாக்கியம் குவைத்துக்குப் போனபோது உனக்கு ஆறு வயது. வீட்டு வேலைக்குப் போனாள். எனக்கு வேலை சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. மழை தொடங்கினால் வேலை இல்லை, அதனால் போனாள். இரண்டு வருஷம் ஒழுங்காகக் கடிதம் வந்தது, பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கக் கேட்பேன். பிறகு நின்றுவிட்டது. அந்த நேரம் குவைத்தில் இருந்து திரும்பி வந்த செல்வராணி நம்முடைய லேனுக்கு வந்து வாசலில் நின்று அழுதாள். "அண்ணே, பாக்கியமக்கா மூணாம் மாடியில இருந்து விழுந்திட்டாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவங்களாம். முடிஞ்சுதாம்." கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். "எனக்குச் சொன்னவ பாத்தவ" என்றாள். மருதானையில் பாக்கியத்தை அனுப்பிய ஏஜென்சிக்குப் போனேன். அங்கே இருந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஃபோர்மை நீட்டினான். நிரப்பிக்கொண்டு அடுத்த கிழமை வரச் சொன்னான். நிரப்பத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். ஃபோர்மை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை போகவில்லை. எழுதத் தெரியாது என்று ஒருவனிடம் சொல்லக் கூச்சப்பட்டுப் பெண்டாட்டியைச் சாகவிட்ட மனிதன் நான்.

மறுநாள் லேன் பெடியன்கள் லைட் கம்பத்துக்கு லைட் கம்பம் வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்கள். உடம்பு வராது, ஆகவே படம்தான். அவளிடம் இருந்த ஒரே நல்ல படம் பாஸ்போட்டுக்கு எடுத்தது, இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல். அதைப் பெரிதாக்கி மாலை போட்டு முன்னால் சிவப்பு பல்ப் எரிய விட்டேன். முப்பத்தோராம் நாள் சோறு கொடுத்தேன். லேன் முழுக்க வந்து தின்றது. சிங்கள நோனா ஒருத்தி என் கையைப் பிடித்து அழுதாள். அதுவரை "டேய் சுண்ணாம்பு" என்று கூப்பிட்டவர்கள் "அண்ணன்" என்றார்கள். உண்மையைச் சொல்லுவதென்றால், அந்த முப்பத்தொரு நாளும் எனக்கு நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் சனம் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டது அப்போதுதான்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், நான் தண்ணிக் குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டு நிற்கிறேன், லேன் வாயில் கறுப்புக் குடையோடு ஒருத்தி வந்து நிற்கிறாள். கையில் ஒரு பேக். ஒரு காலை இழுத்து நடந்தாள். "என்னங்க, நான் தான்" என்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தேன். ஏழு மாதம் இருக்கும். "இது யார்ட?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. "கேட்டு வந்ததில்ல. நான் என்னத்துக்கு மாடியால குதிச்சனான் எண்டு நினைக்கிறீங்க?" என்றாள். எனக்கு விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று நீ எனக்குச் சாட்டுத் தேடாதே. அவள் சொல்லி முடிக்க முன்னமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சொன்னேன்: "கொடி கட்டி இறக்கியாச்சு. முப்பத்தோராம் நாள் சோத்த ஊரே தின்னாச்சு. நீ செத்திட்ட. செத்தவ செத்த மாதிரி இரு." அவள் கேட்டது ஒன்றுதான். "பிள்ளைய ஒருக்காப் பாத்திட்டுப் போறன்." "இந்த வயித்தோட உன்னப் பாத்தான் எண்டா அவன் செத்திருவான்" என்று சொல்லி, வந்த பஸ்ஸை மறித்து ஏற்றினேன். அது எங்கே போகிற பஸ் என்றுகூட நான் பார்க்கவில்லை. பார்த்தாலும் போர்ட் வாசிக்கத் தெரியாதே.

வந்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று லேனுக்குச் சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று நீ கேட்பாய். ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு நாள் சிரித்திருப்பார்கள். அந்த இரண்டு நாள் சிரிப்புக்காகத்தான்.

பிள்ளை பெற்ற பிறகு அவள் உன் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்து நிற்கத் தொடங்கினாள், பள்ளி விடுகிற நேரம், ரோட்டுக்கு மறுபக்கம், அதே குடையோடு. முதல் நாள் நீ ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாய்: "அப்பா, ஸ்கூலுக்கு முன்னால அம்மா நிக்கிறா!" நான் சட்டிக்குள் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன், கலக்குவதை நிறுத்தவில்லை. "அம்மா செத்தவ தானே. அது அவ இல்ல. அவ மாதிரி வாறது. கூப்பிட்டாப் போயிராத, கையோட கூட்டிட்டுப் போயிரும்." நீ கேட்டாய்: "பேய்க்கு என்னத்துக்கு அப்பா குடை?" நல்ல கேள்வி. எனக்குச் சட்டென்று வந்ததைச் சொன்னேன். "வெயில் பட்டா உருகிரும், அதுக்குத்தான்." உன் புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. கண்ணாடிக்காரர் அதை மேடையில் இரண்டு தரம் வாசித்து, இப்படி ஒரு கற்பனை தமிழில் வந்ததில்லை என்றார். முன்வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாளும் நின்றாள், மூன்றாம் நாளும் நின்றாள். நாலாம் நாள் காலை உன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தேன். விபூதி என்றேன். கிட்ட வந்தால் முகத்தைப் பார்த்து எறி, ஓடிவிடும் என்றேன். அதில் பாதிதான் விபூதி. மற்றப் பாதி என் வேலைச் சாமான், சுட்ட சுண்ணாம்புத் தூள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு தரம் மேல்தட்டில் இருந்து ஒரு சொட்டு விழுந்து ஒரு கிழமை குருடனாகக் கிடந்தவன் நான். தெரிந்துதான் கலந்தேன். அவள் இனி அங்கே வந்து நிற்கக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

பள்ளிக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. நான் அங்கே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். பள்ளி விட்டது. நீ ரோட்டைக் கடந்து அவளிடம் போனாய். பயந்து தலையைக் குனிந்துகொண்டு போனாய். அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தாள். நீ எறிந்தாய். சரியாக எறிந்தாய். அவள் வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கத்தினாள், பிறகு இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நானா வாளித் தண்ணியோடு ஓடினார். "யா அல்லாஹ், யார்ட புள்ள இது?" என்று கத்தினார். "தெரியா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். திருப்பத்தில் நீ என்னிடம் ஓடி வந்தாய். உனக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் எழுதுகிற கை நின்றுவிட்டது. பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இதையும் எழுதவா?" என்று கேட்டாள். எழுது என்றேன். "அம்மா எனக்குச் சொன்னது வேற. ஆரோ ஒரு சின்னப் பிள்ள விளையாட்டுக்கு எறிஞ்சது பட்டிட்டுது எண்டு தான் சொன்னவ. முப்பது வருசமா அப்பிடித்தான் சொல்றா" என்றாள். பிறகு, "என்ன மனிசன் நீங்க" என்றாள். அதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறாள். இவள் பெயர் நிர்மலா. அன்று அந்த வயிற்றில் இருந்தவள். உன் தங்கச்சி. வெள்ளவத்தைப் புத்தகக் கடையில் உன் புத்தகத்தைக் கண்டு, பின் அட்டைப் படத்தில் இருந்த மூக்கு வீட்டில் இருக்கிற மூக்கு மாதிரி இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்கு வாசித்திருக்கிறாள். ஆமாம், வாசித்திருக்கிறாள். உன் அம்மா இருக்கிறாள். வத்தளைப் பக்கம் இருக்கிறாள். முப்பது வருஷமாக ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறாள். அவள் எப்போதோ சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து நிர்மலா என்னைத் தேடி வந்தாள். சண்டை பிடிக்க வந்தவளை, அந்தக் கதையை எனக்கும் வாசி என்று உட்கார வைத்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் என்னுடைய குற்றம், அதில் உனக்குப் பங்கு தரமாட்டேன். ஆனால் நிர்மலா வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு வரி வந்தது. அந்தப் பேயின் இடது செருப்பு வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். நிறுத்து, திரும்ப வாசி என்றேன். ஓம், வார் அறுந்துதான் இருந்தது, ஊக்குத்தான் குத்தியிருந்தாள். பஸ்ஸில் ஏற்றும்போது நான் பார்த்தேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு மூன்று அடி கிட்டப் போன ஒருவன்தான் அதைப் பார்த்திருக்க முடியும். பேய்க்குச் செருப்பு வார் அறாது மகன். அறுந்தாலும் அது ஊக்குத் தேடாது. ஐஸ்பழத்தை நக்கிக்கொண்டே நீ என்னிடம் கேட்டாய்: "அது என்ட வீட்டுப் பேரச் சொல்லிக் கத்தினது. அதுக்கு எப்பிடித் தெரியும்?" பேய்க்கு எல்லாம் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. எதற்கும் பத்துக் கேள்வி கேட்கிற பிள்ளை, அதை மட்டும் ஒரு தரத்தோடு விட்டுவிட்டாய். அன்று உன் வலது உள்ளங்கை சிவந்து பொக்களித்தது, இரண்டு நாள் பேனை பிடிக்கவில்லை. கதையில் அதை அருளின் சூடு என்று எழுதியிருக்கிறாய். சுண்ணாம்பும் வியர்வையும் சேர்ந்தால் வருகிற சூடு அது. ஒரு சுண்ணாம்புக்காரனின் மகனுக்கு அது தெரியாதா?

ஒன்பது வயதில் நீ எறிந்தது என் கணக்கு. நாற்பது வயதில் அந்த ஊக்கை எழுதிவிட்டு, அதற்கு மேல் புகையைப் போட்டு மூடினாயே, அது உன் கணக்கு. உன் கதையில் விபூதி பட்டதும் அவள் புகையாகிப் போய்விடுகிறாள். அழகாக இருக்கிறது. சனம் அழுகிறது. புகைக்குக் கண் எரியாது, புகை தரையில் உட்கார்ந்து வாளித் தண்ணியில் முகம் கழுவாது. நீ பயந்துதான் எழுத்தாளன் ஆனாய் என்று எனக்கு இப்போது படுகிறது. உண்மையைத் தேடிப் போனால் அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள் என்று பயந்து, நாட்டில் உள்ள எல்லாச் செத்தவர்களையும் எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறாய், இருக்கிற ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பதற்காக. கோபம் வந்தால் வரட்டும். ஒன்று மட்டும் கேட்டு வைத்துக்கொள். உன் மகளுக்கு இப்போது ஏழு வயது. அவள் ஓடி வந்து வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று சொன்னால், உடனே ஒரு கதை சொல்லாதே. எழும்பிப் போய்ப் பார். நான் போய்ப் பார்க்கவில்லை. சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

கதை முழுக்க வாசித்து முடிந்ததும் உன் அம்மா என்ன சொன்னாள் என்று நிர்மலாவிடம் கேட்டேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாளாம். பிறகு, "நல்லா எழுதியிருக்கான். ஒண்டும் சொல்லப் போயிராத. பேயாவாவது அவனோட இருக்கன் தானே" என்றாளாம். அவளுடைய மனசு அது. எனக்கு அந்த மனசு இல்லை. அதனால்தான் சொல்லுகிறேன்.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மகனுடைய குரலைக் கேட்கலாம், கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி நிர்மலா அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். நான் வரமாட்டேன். என்னைத் தேடி ஆள் அனுப்பாதே. நேற்று நிர்மலா கதிரையில் ஏறி அந்தச் சிவப்பு பல்பைக் கழற்றிவிட்டாள், படத்தையும் இறக்கிவிட்டாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பொன்னாடையை இத்துடன் மடித்து அனுப்புகிறேன். கீழே இருப்பது என் பெருவிரல். இந்தத் தடவை நீ தலையைக் குனியத் தேவையில்லை, உன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அழைப்பிதழில் இருந்து என் பெயரை எடு. முதற்பிரதி வாங்க ஆளைக் கூப்பிடும்போது நீயே மைக்கைப் பிடி. அமரர் என்று தொடங்காதே. பாக்கியம் என்று மட்டும் சொல். கடைசி வரிசையில் ஒருத்தி எழும்புவாள், இடப் பக்கம் அவளுக்குத் தெரியாது, அந்தப் பக்கத்தை நிர்மலா பிடித்துக்கொள்வாள். மேடைக்கு வந்து சேர அவளுக்கு நேரம் எடுக்கும், அந்தக் கால் இன்னும் இழுக்கிறது. இறங்கி ஓடாதே, அழுது காட்டாதே. புத்தகத்தை வலக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நில். அவள் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு வரப்போவது அந்தக் கையைத்தான்.